மூன்றாவது வரிசையும் கடைசி வரிசையும்

முழுசாக ரெண்டு நிமிஷம்கூட ஓடாத ஒரு வண்டியில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்ய, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டிருந்த அந்த ஆளுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. பஸ் என்றால் சரி, கண்டக்டர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். இது என்ன ஊர் போய்ச் சேருகிற வண்டியா? ஏறின இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடுகிற வண்டி. ரோலர் கோஸ்டர் என்று பெயர். அதில் நான் கேட்டது ஒரே ஒரு இடம்தான், என் புருஷனுக்குப் பக்கத்து இடம். அது எனக்குக் கிடைக்கவில்லை.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆன பொம்பளைக்குப் புருஷன் பக்கத்தில் உட்காருவதற்கு சென்னை வரைக்கும் போக வேண்டுமா என்று கேட்பீர்கள். போகத்தான் வேண்டியிருந்தது. கல்யாணமான நாலாம் மாசம் அவர் துபாய்க்குப் போய்விட்டார். பெரிய பெரிய கட்டடங்களுக்கு ஏசி குழாய் போடுகிற வேலை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவில் வருவார். வந்த நாளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நாங்கள் சேர்ந்து குடும்பம் நடத்தியது ஒரு வருஷம்கூடத் தேறாது. பிள்ளையும் இல்லை. அதைப் பற்றி ஊரில் என்னைக் கேட்காத ஆள் கிடையாது, அவரைக் கேட்ட ஆளும் கிடையாது.

அந்த நாற்பது நாளிலும் பக்கத்தில் உட்கார முடியுமா என்றால், அதுவும் இல்லை. சங்கராபுரத்துக்கு அடுத்த ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. கரும்பும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். என் மாமியார், மூத்தார், அவர் மனைவி, அவர்களுடைய ரெண்டு பிள்ளைகள், எல்லோரும் ஒரே வீட்டில். மூத்தார் என்றால் என் புருஷனுடைய அண்ணன். அவர் கூடத்தில் இருந்தால் நான் அடுப்படிப் பக்கம்தான் இருப்பேன். அவர் எதிரில் நானும் என் புருஷனும் ஒரே பாயில் உட்கார்ந்தால் அத்தைக்கு முகம் மாறிவிடும். கல்யாண வீட்டுக்குப் போனால் ஆம்பிளைகள் ஒரு பந்தி, பொம்பளைகள் ஒரு பந்தி. பஸ்ஸிலும் அப்படித்தான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சங்கராபுரம் வண்டி உள்ளே நுழையும்போதே கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதில் என் புருஷன் பெரிய கெட்டிக்காரர். துண்டு விழுந்த இடத்தை எங்கள் பக்கத்தில் யாரும் தொட மாட்டார்கள். ஆனால் பொம்பளைகள் சீட்டில் எனக்கு இடம் போட்டுவிட்டு, பின்னால் போய் ஆம்பிளைகளோடு நின்றுகொள்வார்.

மிச்சம் இருப்பது பைக். அதில் எனக்குக் கிடைப்பது அவர் முதுகு. துபாய்க்குப் போய்விட்டால் போனில் கிடைப்பது முகம். பக்கம் மட்டும் கிடைக்கவே இல்லை. மணவறையில் உட்கார்ந்தோமே என்பீர்கள். அன்றைக்கு இருந்த புகையில் பக்கத்தில் இருப்பது யாரென்றே தெரியவில்லை, கண்ணைக் கசக்கிக்கொண்டே தாலி கட்டிக்கொண்டேன்.

வெறும் உட்காருகிற ஆசைக்காக மட்டும் நான் இவ்வளவு அடம்பிடிக்கவில்லை. அவரிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. "போவாதீங்க." அவ்வளவுதான். இந்தத் தடவை போகாதீங்க, இங்கேயே இருந்துவிடுங்கள், எது வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு வாய் ஜாஸ்தி என்று எங்கள் வீட்டில் மாடு கன்றுக்குக்கூடத் தெரியும். பால்காரர் தண்ணீர் கலந்தால் தெருவே கேட்கிற மாதிரிக் கேட்பேன். ரேஷன் கடையில் என்னைப் பார்த்தாலே எடை சரியாக விழும். அப்படிப்பட்டவளுக்கு இந்த ஒரு வார்த்தை மட்டும் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை.

வீட்டில் வைத்துச் சொல்லலாம்தானே என்று நினைக்கலாம். எங்கள் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் எழும்பாத சுவர். அந்தப் பக்கம் அத்தை படுத்திருப்பார். நான் புரண்டு படுத்தால் "இன்னாம்மா, தண்ணி வோணுமா?" என்று கேட்பார். நல்ல மனுஷிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சின்ன மகன் சம்பாத்தியத்தில் நிமிர்ந்த வீடு அது. அவரைப் போக வேண்டாம் என்று நான் சொன்னது அத்தை காதில் விழுந்தால், குடும்பத்தைக் கெடுக்க வந்தவள் என்கிற பெயர் எனக்கு வந்துவிடும். கிசுகிசுவென்று சொல்லவும் எனக்கு இஷ்டமில்லை. இதை என்ன திருட்டுப் பேச்சு மாதிரியா சொல்வது?

ஒரு தடவை முயற்சி செய்தேன். லீவு முடிய பத்து நாள் இருக்கும்போது, கல்வராயன் மலை அருவிக்குப் பைக்கில் கூட்டிக்கொண்டு போனார். மூத்தார் குடும்பம் இல்லாமல் நாங்கள் ரெண்டு பேர் மட்டும். வெள்ளிமலை ரோட்டில் வளைவு மேல் வளைவாக ஏறிக்கொண்டிருந்தது வண்டி. ஆள் நடமாட்டமே இல்லை. இதுதான் சமயம் என்று அவர் முதுகுக்குப் பின்னால் இருந்து, "இன்னாங்க, போவாதீங்க" என்றேன்.

"இன்னா? காத்துல ஒண்ணும் கேக்கல" என்று தலையைத் திருப்பாமல் கத்தினார்.

"போவாதீங்கன்னேன்."

வண்டியை மெதுவாக்கினார். "சரி சரி, வேகமா போவல. பயப்படாத, நல்லா புடிச்சிக்கோ" என்றார். நான் வளைவுக்குப் பயந்து சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார் மனுஷன். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அருவிக்குப் போனால் அங்கேயும் ஆம்பிளைகள் குளித்து முடித்த பிறகுதான் பொம்பளைகள். அவர் குளிக்கும்போது நான் துணி மூட்டையோடு பாறையில் உட்கார்ந்திருந்தேன், நான் குளிக்கும்போது அவர் பைக் பக்கம் போய் நின்றுகொண்டார். ஈரத் தலையோடு திரும்பி வந்தோம். திரும்புகிற வழியிலும் அதே முதுகுதான்.

அந்த வாரம்தான் மூத்தாருடைய பெரிய மகன் போனில் ஒரு வீடியோ காட்டினான். சென்னைப் பூங்கா ஒன்றில் ஒரு ரயில் தலைகீழாகச் சுற்றுகிறது, அதில் இருப்பவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்து கத்துகிறார்கள். "சித்தி, நீ இதுல ஏறுவியா?" என்று கேட்டான். நான் ரயிலைப் பார்க்கவில்லை, அதில் இருந்தவர்களின் வாயைத்தான் பார்த்தேன். எல்லோரும் கத்துகிறார்கள். யார் என்ன கத்தினாலும் கீழே நிற்பவர்களுக்கு ஒரே கூச்சல்தான். ஆனால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். ரெண்டு ரெண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். "ஏறுவேன்" என்றேன். அக்கா, அதாவது மூத்தார் மனைவி, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

பிள்ளைகள் பிடித்த பிடியில் ஞாயிற்றுக்கிழமைக்கு வேன் சொல்லியாகிவிட்டது. அவர் விமானம் வியாழக்கிழமை. மாடுகளைப் பார்த்துக்கொள்ள அத்தை வீட்டில் இருந்துவிட்டார். சனிக்கிழமை சாயந்தரம் மாட்டுக்குத் தொட்டியில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த என் புருஷனிடம் போய் நின்றேன்.

"நாளைக்கு அந்த ரயில்ல ஒங்க பக்கத்துலதான் குந்துவேன்."

"இன்னா இது, கொழந்த மாரி" என்று சிரித்தார்.

"சிரிக்காதீங்க. கண்டிப்பா பக்கத்துல. எனக்கு வேற ஒண்ணும் வாணாம்."

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, சிரிப்பை நிறுத்திவிட்டார். "சரி. நான் எடம் புடிச்சித் தரேன், போ" என்றார்.

வேனில் ஆம்பிளைகள் டிரைவர் பக்கம், பொம்பளைகளும் பிள்ளைகளும் பின்னால். உளுந்தூர்ப்பேட்டை தாண்டுவதற்குள் சின்னது என் மடியில் வாந்தி எடுத்தது. பூங்கா வாசலில் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார்கள். ராத்திரியெல்லாம் கண் விழித்துக் கிளறின புளிச்சோற்றை வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் வெயிலில் உட்கார்ந்து தின்றோம். நான் எதற்கும் வாயைத் திறக்கவில்லை. "இன்னாடி, இன்னிக்கி ஒனக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று அக்காவே கேட்டுவிட்டார்.

அந்த ரயிலுக்கு உயரம் அளந்துதான் விட்டார்கள். பிள்ளைகள் ரெண்டும் குட்டை, அழுதுகொண்டே வெளியே வந்தன. அக்காவுக்குத் தலைசுற்றல் உண்டு. மூத்தார் அக்காவையும் பிள்ளைகளையும் தண்ணீர் விளையாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆக, வரிசையில் நின்றது நாங்கள் ரெண்டு பேர் மட்டும். நான் வேண்டிக்கொண்ட சாமி எதுவோ கண்ணைத் திறந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். வரிசை கம்பிகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து போனது. அங்கேயே சொல்லியிருக்கலாம், உண்மைதான். ஆனால் முன்னால் ஒரு கல்லூரிப் பெண்கள் கூட்டம், பின்னால் ஒரு குடும்பம், மூச்சு படுகிற தூரத்தில். அவர்கள் பேசுவதெல்லாம் எங்கள் காதில் விழுந்தது. அதனால் நான் மனசுக்குள் ஒத்திகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி உச்சிக்குப் போகும்போது அவர் பக்கம் திரும்ப வேண்டும். கீழே விழ ஆரம்பித்த உடனே காதுக்கு நேராகக் கத்த வேண்டும். அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, அங்கே வெயில் இதைவிட ஜாஸ்தி, மத்தியானம் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் உம் உம் என்றேன்.

ஒருவழியாக மேடைக்கு வந்தோம். ரயில் நிற்கிற இடத்தில் வரிசைக்கு ஒரு சின்ன கேட். ஒரு வரிசைக்கு ரெண்டு பேர். விசில் வைத்திருந்த ஆள் ஆட்டு மந்தையைப் பிரிக்கிற மாதிரிக் கையை நீட்டி நீட்டி அனுப்பிக்கொண்டிருந்தான். நீங்க ரெண்டாவது, நீங்க நாலாவது, நீங்க அஞ்சாவது. நமக்குப் பிடித்த இடத்தில் போய் நிற்கக் கூடாது. முன்னால் இருந்த கல்லூரிப் பெண்கள் ஏழு பேர். மூன்று ஜோடி போக ஒருத்தி மிச்சம். அந்த ஆள் திரும்பி என்னைப் பார்த்தான்.

"அக்கா, நீங்க மூணாவது போங்க, அந்தப் பொண்ணுகூட. அண்ணே, நீங்க கடைசி. அங்க ஒரு ஆளு சிங்கிளா நிக்கிறாரு."

"நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாதாங்க வந்தோம்" என்றேன்.

"தெரியுதுக்கா. ஒரு சீட்டுகூட காலியா போவக் கூடாது, அதான் இங்க ரூல்ஸ். எல்லாம் ஒரே வண்டிதான, ஒரே நேரத்துலதான் போவப் போறீங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. "அப்போ அந்தப் பொண்ண கடைசிக்கு அனுப்பேன்" என்றேன்.

"லேடீஸ தெரியாத ஜென்ட்ஸ்கூட போட மாட்டோம்கா. சீக்கிரம் போங்க, பின்னாடி நிக்கிறாங்க பாருங்க."

"அப்போ நாங்க அடுத்த வண்டியில போறோம்."

"நிக்க எடம் இல்லக்கா. வேணாம்னா எறங்கிப் போயிடுங்க."

ஒரு மணி நேரம் நின்றவளைப் பார்த்து இறங்கிப் போ என்கிறான்! நான் அவனை நாலு கேள்வி கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் காலி ரயில் உள்ளே வந்தது. என் புருஷன், "நீ இரு" என்று என்னைத் தோளில் தட்டினார். மறுபடி பார்த்தால், மனுஷன் தலையில் கிடந்த துண்டை உருவி, கேட்டுக்கு மேலே எக்கி, நகர்ந்துகொண்டிருந்த ரயிலின் முதல் வரிசையில் வீசிவிட்டார். துண்டு ரெண்டு சீட்டுக்கும் குறுக்கே சரியாகப் போய் விழுந்தது. "இன்னா, குந்து போ" என்றார் என்னிடம். கள்ளக்குறிச்சியில் இருக்கிற நினைப்பு.

கீ என்று ஒரு சத்தம். ரயில் வெடுக்கென்று நின்றது. மேலே சிவப்பு விளக்கு சுற்ற ஆரம்பித்தது. கண்ணாடி அறையில் இருந்து ஒருத்தர் ஓடி வந்தார், மேற்பார்வை பார்க்கிறவர் போல. "யாருங்க துண்டு போட்டது? சக்கரத்துல மாட்டியிருந்தா இன்னா ஆயிருக்கும் தெரியுமா? எந்த ஊருங்க நீங்க?" என்று சத்தம் போட்டார்.

"கள்ளக்குறிச்சி. இன்னா இப்போ?" என்று நான் முன்னால் வந்தேன். வரிசை முழுக்கச் சிரித்தது. கல்லூரிப் பெண்கள் போனை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் என் புருஷன் என்னைப் பின்னால் தள்ளிவிட்டு அந்த ஆள் முன்னால் போய் நின்றார். கால் ரெண்டையும் சேர்த்து, தலையைக் குனிந்து, "சாரி சார். என் மிஸ்டேக் சார். இனிமே பண்ண மாட்டேன் சார்" என்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. எங்கள் ஊரில் யாரிடமும் அவர் அப்படிப் பேச மாட்டார். ஒரு வார்த்தை தடுமாறவில்லை, ஒவ்வொரு நாளும் சொல்லிப் பழகின மாதிரி வந்தது. துபாயில் அவர் எப்படி இருக்கிறார் என்று அந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. போவாதீங்க என்று அவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிற வெறி எனக்கு இன்னும் ஜாஸ்தியானது.

மன்னிப்புக் கேட்டதால் வெளியே அனுப்பவில்லை. ஆனால் அதற்கு மேல் இடத்தைப் பற்றிப் பேச எங்களுக்கு ஏது வாய்? துண்டைச் சுருட்டி விசில்காரன் தன்னிடம் வைத்துக்கொண்டான். நான் மூன்றாவது வரிசை, அவர் கடைசி வரிசை. கேட்டுக்குள் போகும்போது அவர் என்னைப் பார்த்து, என்ன செய்வது என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

என் பக்கத்தில் அந்தக் கல்லூரிப் பெண். தோளுக்கு மேலே இருந்து இரும்புக் கம்பி இறங்கி மார்பைப் பூட்டியது. காது ரெண்டு பக்கமும் கனமான மெத்தை. திரும்பிப் பார்க்கலாம் என்றால் கழுத்து அசையவில்லை. பின்னால் அவர் ஏறிவிட்டாரா, பூட்டு சரியாக விழுந்ததா, ஒன்றும் தெரியவில்லை. ரயில் கடகடவென்று மேலே ஏற ஆரம்பித்தது. அந்தப் பெண் அழுகிற குரலில், "அக்கா, பயமா இருக்குக்கா. கைய புடிச்சிக்கட்டுமா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் பிடித்துவிட்டாள். ஐஸ் மாதிரி இருந்தது கை.

உச்சியில் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. கீழே பூங்கா, மரம், தூரத்தில் ரோடு, எறும்பாக வண்டிகள். இத்தனை ஆள் இருக்கிற ஊரில் எனக்கு வேண்டிய ஒரே ஆள் எனக்குப் பின்னால் பத்து வரிசை தள்ளி இருந்தார். என்னால் திரும்பிப் பார்க்கக்கூட முடியவில்லை. அப்புறம் ரயில் விழுந்தது. நான் கத்தினேன். "போவாதீங்க! இந்த தபா போவாதீங்க! இங்கியே இருந்துடுங்க, போவாதீங்க!" நான் ஒத்திகை பார்த்த அத்தனையும் வந்தது. வயிறு தொண்டைக்கு வந்துவிட்டது, வார்த்தை நிற்கவில்லை. பதினோரு வருஷத்துப் பேச்சு.

பக்கத்துப் பெண் என் கையை இன்னும் இறுக்கினாள். "போவலக்கா! நான் எங்கியும் போவல! இங்கதான் இருக்கேன்!" என்று பதிலுக்குக் கத்தினாள்.

பாவம், அவளிடம் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நானும் கையை விடவில்லை. பின்னால் இருபது பேர் கத்துகிற சத்தம் வந்தது. அதில் அவர் குரல் எது என்று காதைக் கூராக்கிக் கேட்டேன். தெரியவில்லை. போனில் பேசுகிற குரல் தெரியும், வாசலில் இருந்து கூப்பிடுகிற குரல் தெரியும். அவர் பயந்து கத்தினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை, கூட இருந்திருந்தால்தானே பார்ப்பதற்கு. அதற்கப்புறம் ரயில் தலைகீழாகச் சுற்றியதாம். எனக்கு நினைவில்லை, நான் அழுதுகொண்டிருந்தேன்.

நின்றதும் அந்தப் பெண், "தேங்க்ஸ்கா" என்று சொல்லிவிட்டுத் தோழிகளிடம் ஓடிப்போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்தால் ஒரு சிமெண்ட் பெஞ்சில் என் புருஷன் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. விசில்காரனிடம் துண்டைத் திரும்ப வாங்கி முகத்தை மூடிக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் விசில் அடிக்கவில்லை. எங்களுக்கு நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். ஆள் போக்குவரத்தும் இல்லாத மூலை அது.

அவர் துண்டை விலக்கி, பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டே கேட்டார். "ரயிலு கீழ வரப்போ நீ கத்துன இல்ல? ஒன் கொரலு கேட்டுச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவ்ளோ பேரு கத்துனாங்க. என் கொரலுன்னு எப்பிடித் தெரியும்?"

"தெரியாதா பின்னே? ஒன் கொரலு தெரியாதா எனக்கு?" என்றார். "இன்னா கத்துன?"

நேராகக் கேட்கிறார். பக்கத்தில் இருக்கிறார். ஒரு வார்த்தை, சொல்லிவிட வேண்டியதுதானே? ஆனால் நான் கத்துவதற்குத்தான் பழகியிருந்தேன், சும்மா உட்கார்ந்து மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த அமைதியில் சொன்னால் அது வேறு பேச்சாகிவிடும். அப்புறம் அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலை நான் கேட்க வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டால்? போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியுமா அதை? எனக்குப் பயம் வந்துவிட்டது. ரயிலில் வராத பயம் பெஞ்சில் வந்தது.

"பயத்துல கத்துனேன்" என்றேன்.

"அதானா?" என்று கேட்டார். என்னையே பார்த்தார்.

"வேற இன்னா?"

"நான் வேற மாரி கேட்டேன்னு நெனச்சேன்" என்றார். அதற்குள் அந்தப் பக்கமிருந்து மூத்தார் அக்காவோடும் ஈரப் பிள்ளைகளோடும் வந்துகொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் என் புருஷன் பெஞ்சைவிட்டு எழுந்து நின்றார். நானும் எழுந்து அக்காவிடம் போய் பிள்ளைகளுக்குத் தலை துவட்டினேன்.

வியாழக்கிழமை போய்விட்டார். விமான நிலையத்தில் அத்தைதான் அழுதார். நான் பெட்டிக்குக் கயிறு கட்டினது சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் பழைய மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீடியோவில் பேசுவார். அத்தையிடம் அஞ்சு நிமிஷம், மூத்தாரிடம் அஞ்சு நிமிஷம், பிள்ளைகள் பிடுங்கிக்கொண்டு போய்ப் பேசியது போக எனக்கு மிச்சம்.

ஏழெட்டு மாசம் கழித்து ஒரு ஞாயிறு. நானும் அத்தையும் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தோம். என் புருஷன் வீடியோவில் கூப்பிட்டார். இன்னும் மூன்று வருஷத்துக்குக் கம்பெனியில் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். நல்லது என்றேன். வேறென்ன சொல்ல. போன் ஸ்பீக்கரில் இருந்தது, கையெல்லாம் மண், அதனால் முறத்தில் சாய்த்து வைத்திருந்தேன்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கினு இருக்கேன்" என்றார். "அன்னைக்கி அந்த ரயில்ல, போவாதீங்கன்னுதான கத்துன? எனக்கு அப்பிடித்தான் கேட்டுச்சு. கேட்டா இல்லன்னுட்ட. நீ மட்டும் ஆமான்னு சொல்லியிருந்தா, அப்பவே ஏஜென்டுக்கு போன் போட்டு வரலன்னு சொல்லியிருப்பேன். போன கையில எடுத்து வச்சிக்கினுதான் ஒன்ன கேட்டேன்."

பக்கத்தில் அத்தையின் கை நின்றுவிட்டது. ஓடு உடைகிற சத்தம் இல்லை. அத்தை என்னைப் பார்க்கவில்லை, முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமாம் என்று சொல்ல வேண்டும். இப்போதாவது சொல்ல வேண்டும். போனில் அவர் முகம் காத்துக்கொண்டிருந்தது.

"பயத்துலதாங்க கத்துனேன்" என்றேன்.